படிக்கட்டில் ஒரு கணம்: நான்காம் புத்தகத்தை மறுபடி படிப்பவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களையும் ஒருமுறை படித்துவிட்டீர்கள். இப்போது இரண்டாம் முறை. 'தி டூ டவர்ஸ்' பாகத்தின் முதல் பாதி விறுவிறுவென்று ஓடிவிட்டது. இரண்டாம் பாதியில், அதாவது நான்காம் புத்தகத்தில், மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கப் போகும் ஃப்ரோடோவும் அவனுடைய வேலைக்காரன் சாமும் முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்த கோலமும் பாறை, சேறு, மறுபடி பாறை என்று நடந்துகொண்டே இருக்கிறார்கள். கதைதான் தெரியுமே, இந்தப் பத்து அத்தியாயங்களைத் தாண்டி அடுத்த பாகத்துக்குப் போய்விட்டால் என்ன?

தாண்ட வேண்டாம். நானும் ஒருமுறை தாண்டியவன்தான். இரண்டாம் வாசிப்பில் ராட்சதச் சிலந்தி ஷீலாப் வரும் அத்தியாயத்தை மட்டும் புரட்டிவிட்டு, போர் நடக்கும் பக்கங்களுக்கு ஓடினேன். மூன்றாம் முறை காய்ச்சலில் படுத்திருந்தபோது கைக்கு எட்டிய தூரத்தில் அந்தப் பாகம் மட்டும்தான் கிடந்தது. வேறு வழியில்லாமல் வரி விடாமல் படித்தேன். அன்றிலிருந்து இந்த நாவலில் எனக்குப் பிடித்த பகுதி எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் நான்காம் புத்தகம் என்பேன். இப்போது ஐந்தாவது சுற்று. போன வாரம்தான் முடித்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

டோல்கீன் எழுதியது ஒரே நாவல். உள்ளே ஆறு புத்தகங்கள். அச்சுச் செலவு கருதி 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டார்கள். 'தி டூ டவர்ஸ்' பாகத்தில் இருப்பவை மூன்றாவதும் நான்காவதும். மூன்றாவதில் குதிரை வீரர்கள், நடக்கும் மரங்கள், கோட்டை முற்றுகை என்று திருவிழாக் கூட்டம். நான்காவதில் பெரும்பாலும் மூன்றே பேர். இதை அவர் 1944-இல் எழுதினார். எழுத எழுத, பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்குத் தொடர்கதை மாதிரி அனுப்பிவைத்தார். ஆகவே நீங்களும் தொடர்கதையாகவே படியுங்கள். இரவுக்கு ஒரு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே மூச்சில் படித்தால் எனக்கும் சேறும் பாறையும்தான் மிஞ்சுகின்றன.

முதல் வாசிப்பில் நம் கண் பாதையின் மேல் இருக்கிறது. போய்ச் சேருவார்களா, பிடிபடுவார்களா என்ற பதற்றம். மறுவாசிப்பில் அந்தப் பதற்றம் இல்லை. காலியான அந்த இடத்தில் கோலம் வந்து குந்திக்கொள்கிறான். (அவன் பெயரைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது. அவன் எடுக்கும் கோலங்களைப் பார்த்தால் பொருத்தம்தான்.) எரிமலைக்குள் என்ன நடக்கப்போகிறது என்று நமக்குத் தெரியும். ஃப்ரோடோ கடைசி நொடியில் மோதிரத்தை விட மறுப்பான், கோலம் அவன் விரலோடு கடித்துப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழுவான். அது தெரிந்தபிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கேள்விதான் எழுகிறது: இவன் திருந்தியிருக்க முடியுமா? முடிந்திருக்கும் என்பதுதான் என் பதில். நூலிழையில் தவறிப்போனது. தவறவிட்டவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. நான்காம் புத்தகத்தில் வேறு எதையும் கவனிக்காவிட்டாலும் இந்த ஒரு இழையை மட்டும் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

தொடக்கத்தில், எமின் முயில் பாறைகளில், கோலமின் கழுத்தில் ஃப்ரோடோ வாளை வைத்திருக்கும் இடம். முதல் வாசிப்பில் நான் இதைச் சண்டைக்காட்சியாகத்தான் படித்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. கதையின் இரண்டாவது அத்தியாயத்திலேயே, 'பில்போ இவனை அன்றே கொன்றிருக்கலாமே, எனக்கு இவன்மேல் இரக்கமே வரவில்லை' என்று ஃப்ரோடோ மந்திரவாதி கேன்டால்ஃபிடம் சொல்லியிருப்பான். (ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்தவன் பில்போ.) நீ அவனைப் பார்த்ததில்லையே என்பார் அவர். அந்தப் பழைய உரையாடல் இங்கே ஃப்ரோடோவின் காதில் மறுபடி ஒலிக்கிறது. அவன் வாய்விட்டு அதற்குப் பதில் சொல்கிறான்: இப்போது பார்த்துவிட்டேன், இரக்கம் வருகிறது என்று. எஜமான் யாரோடு பேசுகிறார் என்று புரியாமல் சாம் முழிக்கிறான். அந்த முழிப்பை மறந்துவிடாதீர்கள். ஃப்ரோடோவுக்குக் கிடைத்த பாடம் சாமுக்குக் கிடைக்கவில்லை. பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் விதை இதுதான்.

அடுத்து சத்தியம். மோதிரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன் என்கிறான் கோலம். தொடவிடாமல், அதன் பெயரால் மட்டும் செய் என்கிறான் ஃப்ரோடோ. அது உன்னைவிட வஞ்சகமானது, உன் வார்த்தையையே முறுக்கிவிடும் என்று எச்சரிக்கிறான். மோதிரத்துக்கு எஜமானன் யாரோ அவனுக்குச் சேவை செய்வேன் என்கிறான் கோலம். சில இரவுகள் கழியட்டும், அந்தச் சத்தியத்தில் அவனே ஓட்டை கண்டுபிடித்துவிடுகிறான்: நானே எஜமானன் ஆகிவிட்டால் எனக்கு நானே சேவை செய்துகொள்ளலாம், சத்தியமும் கெடாது. எந்த வக்கீலும் தோற்றுப்போவார்.

ஒரு பழைய செய்தி இங்கே பொருந்தும். 1937-இல் வெளிவந்த 'தி ஹாபிட்' (இந்த நாவலுக்கு முந்தைய கதை; ஹாபிட் என்பது பில்போ, ஃப்ரோடோ, சாம் ஆகியோரின் குள்ள இனம்) முதல் பதிப்பில் இருந்த கோலம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவன். விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகச் சொல்லியிருப்பான். தேடிப்பார்த்து அது காணவில்லை என்றதும், ஈடாகப் பில்போவுக்கு வெளியே போகும் வழியைக் காட்டி அனுப்பிவிடுவான். பின்னால் இந்த நாவலுக்கு அது ஒத்துவரவில்லை என்பதால் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே டோல்கீன் மாற்றி எழுதினார். முதல் பதிப்பில் சொன்னது பில்போ கட்டிவிட்ட பொய் என்று கதைக்குள்ளேயே ஒரு சமாதானமும் வைத்தார். ஆக, வாக்குத் தவறாத கோலம் ஒருவன் ஒருகாலத்தில் அச்சில் இருந்தான். சத்தியக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் நினைவு வருகிறது.

சதுப்பு நிலம். தண்ணீருக்கடியில் விளக்கேற்றியது போலக் கிடக்கும் பிணமுகங்கள். டோல்கீன் 1916-இல் சோம் போர்முனையில் இருந்தவர். இந்த நிலப்பரப்பு அந்தப் போருக்குப் பிந்தைய வடக்கு பிரான்ஸுக்குக் கொஞ்சம் கடன்பட்டது என்று ஒரு கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். எனக்கு இங்கே முக்கியம் வேறு. கோலம் தனக்குள் இரண்டு குரலில் வழக்காடுகிறான். தூங்குவதுபோல் கிடந்து சாம் அதைக் கேட்டுவிடுகிறான். 'அவள்' உதவலாம் என்று ஒரு குரல் சொல்வதையும் கேட்கிறான். அந்த 'அவள்' ஷீலாப்தான் என்று நமக்கு இப்போது தெரியும். சாமுக்குத் தெரியாது. அவனுடைய சந்தேகம் காரணமில்லாத சந்தேகம் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அவன்மேல் கோபம் வரும்போது தேவைப்படும்.

மறுவாசிப்பில் மட்டும் கண்ணில் படும் ஒரு சின்ன விஷயம். கோலம் தன்னை எப்போதும் 'நாங்கள்' என்றுதான் சொல்வான். எப்போதாவது 'நான்' என்று சொன்னால், பழைய ஸ்மீகலின் (மோதிரம் கைக்கு வருமுன் கோலமின் பெயர் அதுதான்) உண்மை கொஞ்சம் மேலே வந்திருக்கிறது என்று அர்த்தம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கறுப்பு வாயில் அத்தியாயத்தில் ஃப்ரோடோவே கவனித்துவிடுகிறான். அதிலிருந்து நான் ஒவ்வொரு 'நான்' வரும்போதும் பென்சிலால் சின்னக் கோடு போடுகிறேன். பெரிய ஆராய்ச்சி இல்லை, ஒரு பழக்கம். ஆனால் கோடுகள் எங்கே நெருக்கமாக விழுகின்றன, எங்கே அறவே நின்றுபோகின்றன என்று பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும்.

அதே அத்தியாயத்தில் ஃப்ரோடோ ஒரு மிரட்டல் விடுகிறான். கடைசி நெருக்கடியில் மோதிரத்தை அணிந்து உனக்குக் கட்டளையிடுவேன். நெருப்பில் குதி என்றாலும் நீ குதிப்பாய் என்று. முதல் முறை படித்தபோது, இவ்வளவு சாதுவான பையன் இப்படிப் பேசுகிறானே என்று தோன்றியதோடு சரி. முடிவு தெரிந்து படிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. இரக்கம் காட்டியவன் வாயிலிருந்தே சாபமும் வருகிறது. இரண்டும் பலிக்கின்றன.

இத்திலியன் காட்டில் கொஞ்சம் மூச்சுவிடலாம். முயல் சமையல் அத்தியாயம் எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். சாமும் கோலமும் நண்பர்கள் ஆவதற்கு மிக அருகில் வருவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒருவன் திட்டிக்கொண்டே வேலை வாங்குகிறான், மற்றவன் முணுமுணுத்துக்கொண்டே முயல் பிடித்துவருகிறான். பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. சமைத்த முயலைக் கண்டால் கோலமுக்கு ஆகாது. எல்ஃபுகள் கொடுத்த லெம்பாஸ் ரொட்டி அவன் தொண்டையில் புழுதியாக அடைக்கிறது. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்படி ஒரு பொதுவான உணவுகூட இல்லை. சாம் அணைக்க மறந்த அடுப்பின் புகைதான் கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபாராமிரின் ஆட்களை அங்கே இழுத்துவருகிறது.

ஃபாராமிர் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், அதனால் சுருக்கமாக. 2002 திரைப்படத்தில் அவன் மோதிரத்துக்கு ஆசைப்பட்டு ஃப்ரோடோவை ஓஸ்கிலியத் வரை இழுத்துப்போவான். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. சாலையோரம் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்பவன் அவன். நான் அவனை உருவாக்கவில்லை, தானாகவே காட்டுக்குள் நடந்து வந்து சேர்ந்தான் என்ற பொருளில் டோல்கீன் 1944-இல் மகனுக்கு எழுதினார். முதல் வாசிப்பில் அவன் நல்லவன் என்பதால் பிடித்தது. இப்போது, இவ்வளவு நல்லவனின் வீட்டில்தான் கோலம் உடைகிறான் என்பது உறுத்துகிறது.

அந்த இடம்தான் தடைசெய்யப்பட்ட குளம். நிலவொளியில் கோலம் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் குளத்தைப் பார்த்தவனுக்கு மரணம் என்பது அங்கே சட்டம். மேலே வில்லாளிகள் குறிபார்த்து நிற்கிறார்கள். அவனைக் காப்பாற்ற ஒரே வழி, ஃப்ரோடோ கீழே போய் நைச்சியமாகப் பேசி அழைத்துவருவது. போகிறான். பாதி வழியில், அந்தப் புலம்பலைக் கேட்டு அருவருத்து, ஒரே ஒரு அம்பு போதும், இந்தக் குரல் என்றென்றைக்கும் ஓய்ந்துவிடும் என்று அவனுக்குக்கூட ஒரு நினைப்பு ஓடுகிறது. அதை விழுங்கிக்கொண்டு, எஜமானை நம்பி வா என்கிறான். நம்பி வருகிறான். வந்ததும் பிடித்துக் கட்டுகிறார்கள். ஃப்ரோடோ செய்தது அவன் உயிரைக் காப்பாற்றத்தான். கோலமின் கண்ணில் அது பச்சைத் துரோகம். ஃப்ரோடோவுக்கும் இது தெரியும், தெரிந்தேதான் செய்கிறான். விளக்கிச் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை, சொன்னாலும் அவன் ஏற்கமாட்டான். இந்த நாவலில் போர்க்காட்சிகள் எத்தனையோ உண்டு. எனக்கு மிகவும் வலிப்பது ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கித் தவழ்ந்து வரும் இவன்தான்.

நாற்சந்தியில் தலையிழந்து நிற்கும் அரசன் சிலை, கீழே கிடக்கும் கல்தலையில் பூக்களே முடியாகப் பூத்திருப்பது, அதன்மேல் விழும் கடைசி வெயில். அழகு. இரண்டே பத்தி. அங்கே நிற்காமல் வாருங்கள்.

சிரித் உங்கோல் கணவாய்க்கு ஏறும் படிக்கட்டு. இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். திரைப்படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியவே தெரியாது. மூன்றாம் படத்தில் இங்கே ரொட்டித் துகளைச் சாம் மேல் தூவிப் பழிபோடும் கோலமைத்தான் காட்டுகிறார்கள்.

புத்தகத்தில், முதலில் சாமும் ஃப்ரோடோவும் கதைகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நாமும் ஒரு பெரிய பழங்கதையின் தொடர்ச்சியில்தான் இருக்கிறோம் போல என்கிறான் சாம். ஃப்ரோடோ வாய்விட்டுச் சிரிக்கிறான். அந்தப் பேச்சின் முடிவில் சாமுக்கு ஒரு சந்தேகம்: கோலம் தன்னை நாயகன் என்று நினைத்துக்கொள்வானா, வில்லன் என்றா? வேடிக்கையாக அவனைக் கூப்பிட்டு, நாயகனாக இருக்க உனக்கு ஆசையா என்று கேட்கிறான். பதில் இல்லை. கோலம் அங்கே இல்லை. ஷீலாபைப் பார்க்கப் போயிருக்கிறான்.

அவன் திரும்பி வரும்போது இருவரும் தூங்குகிறார்கள். ஃப்ரோடோவின் தலை சாமின் மடியில். இருவர் முகத்திலும் அமைதி. கோலம் பார்த்துக்கொண்டே நிற்கிறான். கண்ணில் இருந்த பசிப் பளபளப்பு அணைகிறது. ஏதோ வலி வந்ததுபோல் திரும்பி, கணவாய்ப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்கிறான். பிறகு வந்து, நடுங்கும் கையை நீட்டி, ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். ஏறக்குறைய வருடல். அந்த நேரத்தில் அவனை யாராவது பார்த்திருந்தால், காலம் தன் உற்றார் உறவையெல்லாம் தாண்டி இழுத்து வந்து போட்ட ஒரு களைத்த கிழ ஹாபிட் என்றுதான் நினைத்திருப்பார்கள். யாரும் பார்க்கவில்லை. நாம் மட்டும் பார்க்கிறோம்.

ஃப்ரோடோ தூக்கத்தில் முனகுகிறான். சாம் விழிக்கிறான். அவன் கண்ணில் முதலில் படுவது எஜமான் மேல் இருக்கும் அந்தக் கை. எங்கே பதுங்கிப் பதுங்கிப் போய்வருகிறாய் என்று சுள்ளென்று விழுகிறான். கோலம் சட்டென்று பின்வாங்குகிறான், கண்ணில் பச்சை ஒளி திரும்புகிறது, மடங்கிய கைகால்களோடு ஒரு சிலந்தியைப் போல் தெரிகிறான். ஷீலாப் யார் என்று இன்னும் சொல்லவே இல்லை. உவமை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. சாம் பிறகு மன்னிப்புக் கேட்கிறான், தூக்கக் கலக்கத்தில் பேசிவிட்டேன் என்று. கோலம் அந்த 'பதுங்கி' என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுகிறான். அவ்வளவுதான், முடிந்தது.

கதையின் மிகத் துயரமான கணம் ஒருவேளை இதுதான் என்று டோல்கீன் 1963-இல் ஒரு வாசகிக்கு எழுதிய கடித வரைவில் சொல்கிறார். சாம் அந்த மாற்றத்தைக் கவனித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்க்கிறார். அப்போதும் மோதிர ஆசை கோலமை விட்டிருக்காது. எப்படியாவது அதைப் பறித்திருப்பான். ஆனால் பறித்தபின், ஃப்ரோடோவுக்காகத் தானே விரும்பி நெருப்பில் குதித்திருப்பான். மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில் இருக்கும் ஆண்டுக் குறிப்புகளையும் புரட்டுங்கள். போர்கள், படை நகர்வுகள், மரணங்கள் வரிசையாக வரும் அந்தப் பட்டியலில், மார்ச் 11-ஆம் தேதிக்கு நேராக, ஃப்ரோடோ தூங்குவதைப் பார்த்துக் கோலம் மனம் திருந்தும் நிலைக்கு வந்தான் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. யாருமே பார்க்காத ஒன்று கோட்டை முற்றுகைகளுக்குச் சமமாகத் தேதி போட்டுப் பதிவாகியிருக்கிறது.

சாம் மேல் தப்பா? மூன்றாம் வாசிப்பில் எனக்கு அவன்மேல் பயங்கரக் கோபம். இப்போது இல்லை. நாள்கணக்கில் சரியாகத் தூங்காதவன், அந்த இரட்டைக்குரல் வழக்கைக் கேட்டவன், எஜமானைத் தவிர உலகமே தெரியாதவன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் கல்லை எடுத்திருப்பேன். ஃப்ரோடோ மேல் அவனுக்கு இருக்கும் அளவற்ற பிரியம்தான் அந்த நேரத்தில் கோலம் மேல் கல்லாக விழுகிறது. இதற்கு யாரைக் கடிந்துகொள்வது?

ஷீலாப் அத்தியாயம் திகிலுக்குக் குறைவில்லை, ஆனால் மறுவாசிப்பில் நான் வேகமாகக் கடப்பது அதைத்தான். அதற்கு அடுத்ததில் எதிரிப் படையின் இரண்டு ஓர்க் (அரக்கர்) தலைவர்கள், ஷக்ராட்டும் கோர்பாக்கும், நடந்துகொண்டே பேசுவதை விட்டுவிடாதீர்கள். போர் முடிந்தால் நம்பிக்கையான சில பையன்களோடு பெரிய முதலாளிகள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடலாமா என்று ஏங்குகிறார்கள். கூட வந்தவனை இப்படிப் போட்டுவிட்டுப் போவது எல்ஃபுகளின் புத்தி என்று காறித்துப்புகிறார்கள். அடுத்த மூச்சிலேயே, ஷீலாபின் வலையில் கண் விழித்தபடி தொங்கிய தங்கள் கூட்டாளி ஒருவனை அப்படியே விட்டுவந்ததைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஷீலாப் கொட்டியதும் ஃப்ரோடோ செத்துவிட்டான் என்று நம்பி மோதிரத்தை எடுத்துக்கொண்ட சாமுக்கு, அவன் சாகவில்லை என்பதே இவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் தெரிகிறது. ஓர்க்குகள் ஃப்ரோடோவை உள்ளே தூக்கிப்போக, கதவு மூடிவிடுகிறது. மோதிரம் சாம் கையில்.

இது முடிந்ததும் போர்ப் பக்கங்களுக்குப் போவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஆறாம் புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயத்தைத் திறந்து, எரிமலைச் சரிவில் கோலம் கடைசியாக எதிர்ப்படும் இரண்டு பக்கத்தை மட்டும் படியுங்கள். ஃப்ரோடோ மேலே போய்விட்டான். சாம் வாளோடு நிற்கிறான், கோலம் காலடியில் புழுதியில் கிடக்கிறான். இப்போது தடுக்க யாரும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரமே என்றாலும் மோதிரத்தைச் சுமந்தவன் சாம். இவன் என்ன பாடுபட்டிருப்பான் என்று அவனுக்கு மங்கலாகப் புரிகிறது. அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. வழக்கம்போல நாறப்பயலே என்ற தோரணையில் திட்டி, உன்னை நம்பமாட்டேன், தொலைந்து போ என்கிறான். வாள் இறங்கவில்லை.